இடது காது

கொண்டையை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

முடியை இறக்கி வாரும்படி காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டான் புருஷன். நாலு பேர் வருகிற இடமாம். காதை மூடினாற்போல் வாரினால் லட்சணமாக இருக்குமாம்.

அவள் லட்சணத்தில் அவனுக்கு இவ்வளவு அக்கறை எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியும். பொங்கலுக்கு மறுநாள் வந்தது.

அன்று எதிர்த்துப் பேசினாள். ஒரே வார்த்தை.

அவன் கையோடு ஜிமிக்கி வந்தது. இடது காதுச் சோணை இரண்டாகக் கிழிந்து தொங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம்தான் கேட்டார். பதில் சொன்னது அவன். தலை துவட்டும்போது ஜிமிக்கி துண்டில் மாட்டிக்கொண்டதாம். தையல் பிரிப்பதற்குள் அதையே தங்கை சுகந்தியிடம் சொன்னான், சொந்தபந்தத்திடம் சொன்னான், கேட்காத பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னான். ஊருக்கே காது குத்தினான்.

குத்தட்டும் என்று இருந்தாள்.

தழும்பின் மேல் குத்தக் கூடாது, மூன்று மாதம் போகட்டும், பக்கத்தில் வேறு இடம் பார்த்துக் குத்தலாம் என்றிருந்தார் டாக்டர். சித்திரையில் தனியாகப் போனாள். கண்ணெதிரே உறை பிரித்த புது ஊசியால் குத்தி, சின்னதாக ஒரு தோடு மாட்டிவிட்டார்கள். ஆறு வாரம் கழற்றக் கூடாது. சும்மா சும்மா திருகக் கூடாது. கை கழுவாமல் தொடவே கூடாது. காலையும் மாலையும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும்.

துடைத்தாள். ஒரு வேளை தவறவில்லை. அந்தத் துளை ஆற வேண்டும். மனம் மட்டும் ஆறிவிடக் கூடாது.

பள்ளிக்கூட லீவுக்கு வந்திருந்த சுகந்தியின் மகள் தன்ஷிகா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ஐந்து வயது. துடைக்கிற துணியை எடுத்து நீட்டுவது அவள் வேலை. அவளுக்கு ஆனியில் காதுகுத்து வைத்திருந்தார்கள். அதனால் தன் காதையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாள் கேட்டாள்.

"குத்தினா வலிக்குமா அத்தை?"

பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல. நாலு மாதமாக அவன் சொன்ன பொய்க்குத் தலையாட்டியவள்தான். ஆனால் பிள்ளையிடம் சொல்ல மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பதும் பாதிதான். மீதி வன்மம்.

"குத்தினா எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். இழுத்தாத்தான் வலிக்கும்."

பிள்ளை அவளுடைய தழும்பையே பார்த்தது. யார் இழுத்தது என்று கேட்டது.

உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்.

ஒரே வார்த்தை.

அதற்கப்புறம் அதைப் பற்றி அவளும் பேசவில்லை. பிள்ளையும் பேசவில்லை.

இன்று காதுகுத்து. மண்டபத்தின் நடுவில் ஜமக்காளம் விரித்திருந்தது. பட்டு வேட்டியும் புதுச் சட்டையுமாக அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பதினோரு தட்டுச் சீர் கொண்டுவந்த தாய்மாமன். அவன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். மீசையை ஒரு தரம் நீவிக்கொண்டான்.

அவள் ஆசாரியிடம் சோப்பைக் கொடுத்துக் கை கழுவ வைத்தாள். உறை பிரிக்காத ஊசியை நீட்டினாள். அவர் முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டார். கம்மலையும் ஸ்பிரிட்டில் முக்கித் துடைத்துத் தட்டில் வைத்தாள். பகை அவனோடு. பிள்ளை காதில் சீழ் வைத்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது?

முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.

சுகந்தி மகளைத் தூக்கி அண்ணன் மடியில் வைத்தாள். பிள்ளை மிரள்கிறது என்று யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

தன்ஷிகா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆசாரியைப் பார்த்து அல்ல. நிமிர்ந்து, அவனைப் பார்த்து.

"மாமா, அத்தை காதை இழுத்த மாதிரி என் காதை இழுக்க மாட்டீங்கல்ல?"



அவன் சிரித்துப் பார்த்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. ஆசாரி ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சுகந்தி அண்ணனைப் பார்க்கவில்லை. மதினியின் இடது காதைப் பார்த்தாள். தழும்பு. அதை ஒட்டிப் புதுத் தோடு.

அவள் தலையை லேசாகத் திருப்பி, பின்னால் இருப்பவர்களுக்கும் அந்தக் காது தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள்.

பிள்ளை காதிலிருந்து கையை எடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தது.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசையில் அவள் முகத்தைத் தேடிப் பார்த்தான். துண்டு என்று சொல்லு. கண்ணாலேயே கெஞ்சினான். நீயே சொல்லு.

டாக்டர் கேட்ட அன்று உட்கார்ந்திருந்த மாதிரியே, அவள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.