யார் அனுப்பினார்கள்?

"உள்ளை போனதும் எம்பி கேட்கிற முதல் கேள்வி இதுதான், அக்கா. உங்களை ஆர் அனுப்பினது?"

கோபன்ஹேகன் நாடாளுமன்றக் கட்டடத்தின் காத்திருப்புக் கூடத்தில், கழுத்தில் நுழைவு அட்டையோடு நின்ற இளைஞன் மிகப் பணிவாகக் கேட்டான். அங்கே காத்திருந்த கணவனும் மனைவியும் தமிழில் பேசியதைக் கேட்டுத் தானாகவே அருகில் வந்து, தன் பெயர் சுலக்ஷன் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, யாரைப் பார்க்க வந்தார்கள் என்றும் விசாரித்தவன்.

"ஒருத்தரும் அனுப்பேல்லைத் தம்பி," என்றார் தவமலர். "கிரின்ஸ்டெட்டிலையிருந்து நாங்களே காரோடி வந்தனாங்கள்."

"கார் ஓடினது நான். இவ வழி முழுக்க டெனிஸ் பாஷையிலை பேச்சுப் பாடமாக்கினவ," என்றார் அவருடைய கணவர் பாலேந்திரா. "பாதி வழி தாண்டினாப் பிறகு எனக்கும் பாடம்."

2009 மே மாதம். இலங்கையின் வன்னியில் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. தவமலரின் தம்பி நவரத்தினம் எறிகணையில் கால் சிதைந்து, முள்ளிவாய்க்காலில் ஒரு பதுங்குகுழிக்குள் கிடந்தார். காயக்காரரை ஏற்றக் கப்பல் அனுப்புமாறு டென்மார்க் வற்புறுத்த வேண்டும் என்று இன்று அவையில் பேச ஓர் உறுப்பினர் இணங்கியிருந்தார். அதற்கு முன் இவர்களை ஒருமுறை நேரில் காண விரும்பினார்.

"தம்பி ஊரிலை எவடம்?" என்று கேட்டார் பாலேந்திரா.

"அப்பா அம்மா கரவெட்டி, அண்ணை."

"நாங்கள் பக்கத்திலை நெல்லியடி. அப்ப எங்கடை பிள்ளைதான்."

தவமலர் உடனே பையைத் திறந்து ரோல்ஸ் ஒன்றை எடுத்து நீட்டினார். அவன் மறுக்காமல் வாங்கிக் கடித்தான்.

"இதை உள்ளை குடுத்தீங்களெண்டால் எதிர்க்கட்சியும் உங்கடை பக்கம் வந்திடும், அக்கா."

"தம்பிக்கு இஞ்சையே வேலை?"

"கிழமையிலை பாதி நாள் இஞ்சைதான். நீங்கள் பாக்க வந்தவரோடையும் அடிக்கடி கதைக்கிறனான்."

"அப்ப வன்னியிலை காயப்பட்டுக் கிடக்கிற என்ரை தம்பியின்ரை அலுவலையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன்."

"கட்டாயம் சொல்லுறன். தம்பியார் உங்களோடை எப்பிடிக் கதைக்கிறவர்? அங்கை போன் ஒண்டும் இல்லையே?"

பாலேந்திரா மனைவியின் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"சும்மா இருங்கோப்பா. எங்கடை பிள்ளையிட்டை என்னத்தை மறைக்கிறது?" தவமலர் குரலைத் தாழ்த்தினார். "இயக்கப் பொடியன் ஒருத்தன் இரக்கப்பட்டுத் தன்ரை சற்றலைற் போனைக் குடுக்கிறவன். நேற்றும் அதிலைதான் என்ரை தம்பி கதைச்சவன். கால் அழுகி மணக்குதாம் எண்டு அழுதவன்."

சுலக்ஷன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினான்.

"இருங்கோ அக்கா. நான் முதல்ல போய் அவரோடை கதைக்கிறன்."

கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. தவமலர் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பாடமாக்கிய முதல் வரியை மீண்டும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

வெளியே வந்தவர் உறுப்பினரின் செயலாளர்.

"மிகவும் வருந்துகிறேன்," என்றார் அந்தப் பெண்மணி டேனிய மொழியில். "உறுப்பினரால் உங்களைச் சந்திக்க இயலாது. அவையிலும் இன்று பேசமாட்டார். உங்கள் குடும்பம் ஆயுதக் குழுவின் தொலைபேசியில் தொடர்பு வைத்திருப்பதாக இப்போதுதான் அறிந்தார்."

பாடமாக்கிய டேனியச் சொற்களில் ஒன்றுகூடத் தவமலருக்கு உதவவில்லை. "எங்களுக்காகக் கதைக்கப் போன இளைஞர் உள்ளேதான் இருக்கிறார்," என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். "தயவுசெய்து அவரைக் கேளுங்கள்."

"அவர்தான் சொன்னார். உங்கள் நாட்டு அரசு தனக்காகப் பேச இங்கே அமர்த்தியிருக்கும் நிறுவனத்தின் ஆலோசகர் அவர்," என்றார் செயலாளர். "அதை உங்களிடம் முதலில் தெரிவிக்க வேண்டும் என்று எங்கள் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை."