பிரான்வென் அள்ளிய மூட்டை

பள்ளிக்கூட ஹாலில் பெற்றோர் சங்கத்தார் நிதி திரட்டப் பழைய சீருடைகளை விற்றுக்கொண்டிருந்தார்கள். மூன்று பெண்களைப் பெற்ற பிரான்வென் முதல் ஆளாக நுழைந்து, விற்பனை மேசையில் இருந்த தோழி டெலித்திடம் போனாள்.

"டெலித், இந்தக் கோட்டு என்ன விலை?"

"ஆறு பவுண்டு. உனக்குன்னா மூணு."

ஒரு பென்னி குறைக்காத டெலித்தா இப்படிப் பேசுகிறாள்! பிரான்வென் விடவில்லை. கடைக்குட்டி பள்ளியை முடிக்கும்வரை ஆகுமென்று பாவாடை, கம்பளிச் சட்டை, டை எனப் பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டு காசை நீட்டினாள்.

"வித்ததைத் திரும்ப வாங்கமாட்டோம், சரியா?" என்று டெலித் சிரித்தாள்.

"நான் எதுக்குடி திருப்பித் தரப்போறேன்? ஆமா, இந்த வசூல் எதுக்கு?"

"நம்ம பள்ளிக்கூடத்துக்குப் புது சீருடை வரைஞ்சு குடுத்தாரே, அவருக்குக் கூலி. செப்டம்பர்லேர்ந்து இந்தப் பச்சை கிடையாது, எல்லாம் ஊதா. திங்கக்கிழமை வீட்டுக்குக் கடிதாசி வரும்."

"அடிப்பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வாங்குவியா?"

பிரான்வென் பல்லைக் கடித்தாள். அப்போது வாசலில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்துகொண்டிருந்தாள். பிரான்வென் மூட்டையோடு அவளிடம் ஓடினாள்.

"உள்ளே நல்லதெல்லாம் தீந்துபோச்சும்மா. இருக்கறது எங்கிட்டதான்!"