பதினோரு மணிக்கு வந்தவர்

“நாளைக்குப் பதினோரு மணிக்குச் சோதனை பண்ண ஒரு ஆபீசர் வர்றாராம்” என்று அவள் சொன்னதும், கண்ணாடிப் பட்டறை முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

காற்றழுத்தத்தில் மணலை வீசிக் கண்ணாடியில் பூவும் கொடியும் போடுவது அவள் வேலை. அந்த மணல்தூசி நுரையீரலைத் தின்றுவிடும் என்று ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். “மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு வேலையைப் பாரும்மா” என்பதோடு சரி.

அன்று சாயங்காலமே மணல் மூட்டைகள் வெளியேறின. மணலுக்குப் பதிலாக வீச அலுமினிய ஆக்சைடு தூளும், காற்றுக்குழாய் வைத்த தலைக்கவசமும், தூசி உறிஞ்சும் மெஷினும் வந்து இறங்கின.

மறுநாள் வந்தவர் தூளைக் கிள்ளிப் பார்த்தார். தலைக்கவசத்தைத் தட்டிப் பார்த்தார்.

“மெஷின் தினமும் ஓடுதா?”

“ஓடாம இருக்குமா சார்? இவங்கல்லாம் எனக்குப் பிள்ளைங்க மாதிரி.”

வந்தவர் பைலில் ஏதோ குறித்துக்கொண்டார். டீகூடக் குடிக்காமல் கிளம்பியவரை வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார் முதலாளி.

ராத்திரி அதே ஆபீசருக்கு அவள் தன் வீட்டில் சாப்பாடு போட்டாள்.

“நாளைக்கும் என் டெய்லர் கடையை மூடணும்போல இருக்குக்கா” என்றான் அவள் தம்பி.

“எதுக்குடா?”

“வாசல்ல வச்சு உன் முதலாளி ரகசியமா ஒண்ணு சொன்னாரு. பக்கத்துத் தெருப் பட்டறையில இன்னும் வெறும் மணல்தான் அடிக்கிறாங்களாம். ‘அவனைச் சும்மா விடாதீங்க சார்’னு கையெடுத்துக் கும்பிட்டாரு.”

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

“போயிட்டு வந்துடுடா. அங்கே ஆறு பேர் வேலை செய்யறாங்க.”