சிவப்பா, பச்சையா?

"ஆசிட்ல நனைச்ச பிஹெச் பேப்பர் செக்கச்செவேல்னு இருக்கு. உங்க பையன் பச்சைங்கிறான். கலரே தெரியாதவனுக்குக் கெமிஸ்ட்ரி எதுக்கு? வேற குரூப்புக்கு மாத்திடுங்க" என்றார் வேதியியல் ஆசிரியர்.

"சார், அவனுக்கு இதுலதான் ஆசை…"

"ஆசைப்பட்டா ஆச்சா?"

பையன் தலைகுனிந்தபடி வெளியே போனான். அம்மா ஆய்வகக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணா, உனக்கு இருக்கிற குறைதானே அவனுக்கும்? ரெட்டைப் பிள்ளைங்களா ஒரே வகுப்புல படிச்சப்போ பிராக்டிகல் பரீட்சையில பக்கத்துல நின்னு உனக்குக் கலர் சொன்னது யாரு?"

"மெதுவாப் பேசு. என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுடாதே."

அவள் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

மணி அடித்தது. அடுத்த வகுப்பு உள்ளே வந்தது. ஆசிரியர் வழக்கம்போல ஒரு தாளை நனைத்து உயர்த்திப் பிடித்தார்.

"என்ன கலர்? எல்லாரும் சத்தமாச் சொல்லுங்க!"