மூன்றாவது வீட்டில் பிறந்தவர்

காணாமல் போன உறவினராகத் திரும்பி வருவதுதான் அவருடைய தொழில். அதனால் போலீஸ்காரர்கள் உட்பட எல்லோரும் அவரை ‘சித்தப்பா’ என்றே கூப்பிட்டார்கள்.

தொழில் இப்போது படு மந்தம். போன தடவை நுழைந்த வீட்டில் அசல் சித்தப்பாவே சோபாவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இன்னொரு முறை மாட்டினால் மிச்சக் காலமும் ஜெயிலில்தான். தலை சாய்க்க ஒரு கூரை வேண்டும். மறுத்துப் பேச ஆள் இல்லாத இடமாகவும் இருக்க வேண்டும்.

பாழடைந்த சுரங்க ஊர் ஒன்றைச் சுற்றிப் பார்க்க அழைத்த விளம்பரம் அவர் வயிற்றில் பாலை வார்த்தது. சுரங்கத்தை மூடியதும் ஜனங்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்களாம். அப்புறம் யார் வந்து இல்லை என்று சொல்லப் போகிறார்கள்?

கவுன்ட்டரில் ஒரு பெண் டிக்கெட் கொடுத்தாள். அவள் கணவர்தான் வழிகாட்டி. கூரையில்லாத பள்ளிக்கூடம், துருப்பிடித்த தள்ளுவண்டி, இரும்புத் தகடு போட்டு மூடிய சுரங்க வாய் என்று காட்டிக்கொண்டே வந்தார்.

“இந்த ஊர்க்காரங்க ஒருத்தர்கூடவா திரும்பி வந்து பார்க்கலை?” என்று கூட்டத்தில் ஒருவர் சந்தேகமாகக் கேட்டார். எல்லாக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் உண்டு.

வழிகாட்டி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “அது வந்துங்க...”

இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? சித்தப்பா, தொழிலாளர் குடியிருப்பின் மூன்றாவது வீட்டு வாசலில் தடாலென்று விழுந்தார்.

“ஐயோ, நான் பொறந்த வீடுய்யா இது!”

கூட்டம் செல்போனைத் தூக்கியது. வழிகாட்டிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“உங்க வீடா? நல்லாத் தெரியுமா?”

“என்னய்யா இப்படிக் கேட்டுட்டே? அதோ, கரி படிஞ்சிருக்கே அந்த மூலை, அங்கதான் எங்கம்மா சமைப்பாங்க. இந்த ஆணியிலதான் எங்கப்பா விளக்கை மாட்டுவாரு.”

வழிகாட்டி அந்த ஆணியையே வெறித்துப் பார்த்தார். சத்தம் கேட்டு அவர் மனைவியும் ஓடி வந்துவிட்டாள். போலீஸைக் கூப்பிட்டுத் தொலைத்தால்? பின்பக்கம் ஓட வழியிருக்கிறதா என்று சித்தப்பா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்.

வழிகாட்டி சட்டென்று குனிந்து, அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

“இத்தனை நாளா எங்கண்ணே போயிருந்தீங்க? இனிமே இங்கயே இருங்க. சாப்பாடு எங்க வீட்ல.”

சந்தேகம் கேட்டவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கவுன்ட்டரைச் சாத்தும்போது மனைவி பொரிந்து தள்ளினாள். “உங்களுக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? அந்த ஆளு வாயைத் திறந்தாலே புளுகு. அவனுக்குப் போய் மூணு வேளை சோறா?”

“புளுகுன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆணியை நான் அடிக்கும்போது நீதானே ஸ்டூலைப் பிடிச்சே?” என்றார் வழிகாட்டி, நாளைக்குச் சுவரில் பூச வேண்டிய கரித்தூளைச் சலித்தபடியே.

“பழைய செங்கல் வாங்கி, நாம இந்த ஊரைக் கட்டி இடிச்சு ரெண்டு வருஷமாச்சு, இங்க பொறந்தேன்னு சொல்ல ஒருத்தன்கூட இல்லையேங்கிறதுதானே நமக்கு ஒரே குறை!”