ஒரு முட்டை, நான்கு தட்டு

மேசையைச் சுற்றி நான்கு பேர். அரைக்கால் சட்டையும் சாயம் போன பனியனுமாக வீட்டுக்காரர். ஈரத்தலையில் துண்டு சுற்றியிருந்த அவர் மனைவி. கோட்டும் டையுமாக வந்திருந்த கணவன். மேசைக்கடியில் அவன் காலை மிதித்துக்கொண்டிருந்த அவன் மனைவி.

நாற்காலி மூன்றுதான். வீட்டுக்காரர் குளியலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்தார். ஈரத்தைத் துடைத்துவிட்டு, அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.

"கோட்டு வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அவரைப் பாருங்க, தூங்கி எழுந்த மாதிரி இருக்கார்" என்று விருந்துக்கு வந்த மனைவி தன் கணவனிடம் தமிழில் முணுமுணுத்தாள்.

"இந்த ஊர்ல இப்படித்தான் போல. நீ சிரிச்ச முகமா இரு."

சிரித்த முகம் அவசியம். கணவனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அதை நீட்டிப்பதும், மூட்டை கட்டச் சொல்வதும் புதிதாக வந்திருக்கும் மேனேஜர் கையில் இருந்தது. பகலில் வந்து பகலிலேயே போய்விடும் அந்த மனிதரை அவன் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சாப்பிட வரச்சொல்லி சூப்பர்வைசர் மூலமாகத்தான் அழைப்பு வந்தது. மூன்றாவது மாடி, இடது கைப் பக்கம்.

கிடங்கில் ஒருவனுக்குக் 'கையேடு' என்று பட்டப்பெயர். இந்த நாட்டு வழக்கமெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் சொன்னதையெல்லாம் கணவன் வீட்டில் மனைவிக்குப் பாடம் எடுத்தான். கதவு திறந்ததும் தயங்காமல் உள்ளே போய்விட வேண்டும். வாசலில் நிற்பது வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவது மாதிரி. போனை அணைத்துவிட வேண்டும். வீட்டுக்காரர் பேச்செடுக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. மேசையில் வேலை விஷயம் பேசினால் காரியம் கெட்டது.

மாடி ஏறும்போதும் பாடம் நிற்கவில்லை. "மூணாவதுன்னாங்க, ரெண்டுதானே ஏறியிருக்கோம்?" என்று மனைவி மூச்சு வாங்கினாள்.

"இங்க தரைத்தளத்தையே ஒண்ணுன்னுதான் எண்ணுவாங்க. நீ இன்னும் நம்ம ஊர்க் கணக்கிலேயே இரு."

கதவு திறந்தது. இருவரும் குனிந்து வணங்கினார்கள். பரிசுப் பெட்டியை வீட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் கதவைப் பிடித்தபடியே சற்று நேரம் வாசலில் நின்றார். அதையும் மரியாதையில் சேர்த்துக்கொண்டான் கணவன்.

வீட்டுக்காரரின் மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அதற்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு முட்டையைப் பொரித்து நான்காக வெட்டினாள். நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு ரொட்டித் துண்டு.

மனைவி தன் தட்டைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் பார்வையைச் சன்னலுக்குத் திருப்பினான். அங்கிருந்து வறுத்த இறைச்சியின் மணம் கும்மென்று இறங்கிக்கொண்டிருந்தது. மேல் வீட்டில் யாரோ நாற்காலிகளை இழுத்தார்கள். பிறகு யாரோ குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள்.

"சாப்பிடக் கூப்பிட்டா அந்த மேல் வீட்டுக்காரங்க கூப்பிடணும்" என்றாள் மனைவி, சிரித்த முகம் மாறாமல்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று அவள் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அங்கே சாப்பாடும் இல்லை.

வீட்டுக்காரர் ஏதோ கேட்கப் போனவர்போல வாயைத் திறந்தார். அவர் மனைவி அவர் கையை மெல்ல அழுத்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டு, தன் முட்டைத் துண்டைக் கணவனின் தட்டுக்குத் தள்ளினார்.

கணவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தியா, தன் பங்கையே தர்றார். ஒப்பந்தம் கையெழுத்தான மாதிரிதான்" என்று கிசுகிசுத்தான். அந்தத் துண்டை ஒரே வாயில் விழுங்கவும் செய்தான்.

அதற்குப் பிறகு யாரும் அசையவில்லை. வீட்டுக்காரர் எழுந்தால்தான் விருந்தாளி எழ வேண்டும் என்பது கையேடு சொன்ன கடைசிப் பாடம். வீட்டுக்காரரோ ஸ்டூலில் நெளிந்தாரே தவிர எழவில்லை. நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டே இருந்தார்கள். மனைவிக்குக் கன்னம் வலித்தது.

கடைசியில் கால் மரத்துப்போய் வீட்டுக்காரர் எழுந்தார். அடுத்த நொடி இருவரும் துள்ளி எழுந்து வணங்கினார்கள். அவர் வாசல்வரை வந்து, செருப்புகளைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். இருவரும் வெளியே வந்தார்கள்.

"முடிஞ்சுது. இனி மூட்டை கட்டற பேச்சே இல்ல" என்று சொல்லிக்கொண்டே கணவன் போனை உயிர்ப்பித்தான். உடனே அது அடித்தது.

"எங்கப்பா இருக்கீங்க?" என்றது ஒரு கனத்த குரல். போனிலும் கேட்டது, மேல் படிக்கட்டிலிருந்தும் கேட்டது. "சமைச்சதெல்லாம் ஆறிப்போச்சு. நீங்க குழம்பக் கூடாதுன்னுதானே உங்க ஊர்க் கணக்குல மூணாவது மாடின்னு சொல்லி அனுப்பினேன்?"

கணவனும் மனைவியும் மெதுவாகத் திரும்பினார்கள். வீட்டுக்காரர் கடைசியாக ஒருமுறை புன்னகைத்தார். கதவு மூடியது. பூட்டு இரண்டு சுற்று திரும்பியது.

உள்ளே அவர் மனைவியின் குரல் கேட்டது. "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லையே. அவங்க ஊர்ல இப்படித்தான் போல."