காலியாக விட்ட கட்டம்

"இதென்னம்மா, சைக்கிளா, சாய்வு நாற்காலியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவருக்கு அது போதும்.

கையால் கட்டிய சைக்கிள்களுக்கான போட்டியில் எட்டு வருஷமாக அவர்தான் தலைமை நடுவர். யாருக்கும் முழு மார்க் போட்டதில்லை என்பதால் 'அரை மார்க்' என்றுதான் அவருக்குப் பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிரே நின்ற பட்டறைக்காரம்மா சிரிக்கவில்லை. தார் ரோடு, மண் ரோடு, சரளைக்கல் எல்லாவற்றிலும் ஓடும்படி, ஸ்டீல் குழாய்களைத் தானே அறுத்து, தானே பற்றவைத்து, ஐந்து மாதம் உட்கார்ந்து கட்டிய வண்டி. இதில் ஜெயித்தால்தான் அடுத்த மாதப் பெரிய கண்காட்சியில் அவருக்கு இடம்.

"நடுவுல இருக்கற பார் ஏன் இப்படி முழங்கால் உயரத்துக்கு இறங்கிக் கிடக்கு? வண்டிக்கு அழகே அதுதானே?"

"ஏறி இறங்கச் சுலபமா இருக்கட்டும்னுதான் சார்."

"ஏற முடியாதவங்க எதுக்கு சைக்கிள் பக்கம் வராங்க?"

மறுபடியும் சிரிப்பு.

"அப்புறம் இந்த சீட்டு. புது வண்டிக்குப் பழைய சீட்டா? புது மாப்பிள்ளைக்குத் தேஞ்ச செருப்பை மாட்டிவிட்ட மாதிரி இருக்கு!"

பட்டறைக்காரம்மா அந்த சீட்டை முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டார்.

நடுவர் படிவத்தைப் பார்த்தார். "யாருக்காகக் கட்டப்பட்டதுன்னு ஒரு கட்டம் இருக்கே, அதைக் காலியா விட்டிருக்கீங்க. அதுக்கே பத்து மார்க். யாருக்கும்மா கட்டினீங்க?"

"ஒருத்தருக்குத்தான் சார். பேர் வேண்டாமே."

"ஆளே இல்லாம அளவெடுத்துத் தைச்ச சட்டை!" என்று சொல்லிக்கொண்டே பூஜ்யம் போட்டார்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு மார்க் போடுங்க சார்."

"இத்தனை வருஷ அனுபவம். பார்த்தாலே தெரியாதா?"

நிதானமாக அடுத்த வண்டிக்கு நடந்தார். நடுவருக்கே உரிய கம்பீரமான நடை என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கம்பீரமாவது ஒன்றாவது! நொண்டுவது தெரியாமலிருக்கத்தான் அந்த நடை. வலது முட்டி மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. காலைத் தூக்கி பாருக்கு அந்தப் பக்கம் போட முடியாது. மனைவிக்கும் டாக்டருக்கும் மட்டுமே தெரியும். பத்திரிகையில் தான் எழுதும் சைக்கிள் பத்தியில் மட்டும் வாராவாரம் 'நேற்று அறுபது கிலோமீட்டர் போனேன்' என்று கூசாமல் எழுதிக்கொண்டிருந்தார். தன் வண்டியைக்கூட 'இடத்தை அடைக்குது' என்று சாக்குச் சொல்லி ஒரு பழைய வண்டிக் கடையில் தள்ளிவிட்டார்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனார்கள். மார்க்கைக் கூட்ட வேண்டும் என்று சொல்லி அவர் மட்டும் மண்டபத்திலேயே இருந்துவிட்டார். கூட்டல் ஓடவில்லை. கண் அந்தத் தாழ்ந்த பாரிடமே போய்ப் போய் வந்தது.

வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். யாருமில்லை. வண்டியைப் பிடித்துக் காலை எடுத்து வைத்தார்.

கால் அந்தப் பக்கம் போய்விட்டது!

கை நீட்டினால் ஹேண்டில்பார் அளவெடுத்த மாதிரி வந்து சேர்ந்தது. பெடல் தண்டும் குட்டை, முட்டி அதிகம் மடங்க வேண்டியதில்லை. மிதித்தார். முட்டி வலிக்கவில்லை. மேஜைகளுக்கு நடுவே ஒரு ரவுண்டு, இன்னொரு ரவுண்டு. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு காற்று முகத்தில் பட்டது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

அப்போதுதான் அந்த சீட்டு அவருக்குப் பிடிபட்டது. இடப்பக்கம் லேசாக ஒரு பள்ளம். கையை அடியில் விட்டுத் தடவினார். தோல் பிரிந்த இடத்தில் கோணல்மாணலாக ஒரு தையல். பல வருஷத்துக்கு முன்னால் அவரே போட்ட தையல்.

முகம் குப்பென்று சுட்டது.

"பிரேக் சரியா பிடிக்குதா சார்?"

வாசலில் பட்டறைக்காரம்மா சாப்பாட்டு டப்பாவோடு நின்றார். நடுவர் இறங்கக்கூட மறந்தார்.

"இது என்னோட சீட்டு."

"ஆமா சார். நீங்க வண்டியை விக்க வந்த அன்னைக்கு நான் அந்தக் கடையில ஒரு சக்கரம் தேடிட்டு இருந்தேன். குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை ஏறப் பார்த்தீங்க. மூணு தடவை முயற்சி பண்ணீங்க. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. நீங்க போனதும் அந்த வண்டியை நானே வாங்கிட்டேன். அளவெல்லாம் அதுலேர்ந்து எடுத்ததுதான். நான் கட்டினதுலயே நல்ல வண்டி இதுதான், அதான் போட்டிக்குக் கொண்டுவந்தேன். முடிஞ்சதும் உங்க வீட்டுல விட்டுடலாம்னு இருந்தேன்."

"அத்தனை பேர் முன்னாடி உங்களைக் கேலி பண்ணினேனே... அப்பவாவது சொல்லியிருக்கலாமேம்மா! அந்தக் கட்டத்துல என் பேரை எழுதியிருக்கலாமே!"

"எழுதியிருந்தா, உங்களால காலைத் தூக்க முடியாதுன்னு மண்டபம் பூரா தெரிஞ்சிருக்குமே சார். பத்து மார்க்தானே, போகட்டும்னு விட்டுட்டேன்."

அவரால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்து கூட்டம் திரும்பியது. முடிவை அறிவிக்கச் சொல்லி மைக்கில் அவரைக் கூப்பிட்டார்கள்.

அந்த வண்டியின் படிவத்தை எடுத்தார். தான் போட்ட மார்க்கையெல்லாம் அடித்து, 'வேறு நடுவர் ஓட்டிப் பார்த்து மார்க் போடவும்' என்று எழுதினார். காலியாக இருந்த கட்டத்தில் தன் பெயரைப் பெரிதாக எழுதினார்.

பிறகு எல்லாரும் பார்க்க, நொண்டி நொண்டியே மேடைக்குப் போனார்.